தோட்டத்து லைன் கடைசி வீடு: சோலார் இன்வெர்ட்டர் நண்பகலில் ஏன் நிற்கிறது

மின்லைனின் கடைசி வீட்டில் இருக்கும் உங்கள் சோலார் இன்வெர்ட்டர் (பேனலின் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் பெட்டி) நண்பகலில் நின்றுபோகிறது என்று கேட்டிருந்தீர்கள். பேனலில் பழுதில்லை. சுங்கை சிப்புட் வெயிலில் உங்கள் 5 கிலோவாட் இன்வெர்ட்டர் 254 வோல்ட் காட்டி நிற்கிறதென்றால், அது தன் வேலையைத்தான் செய்கிறது. மலேசியாவில் மேல்வரம்பு 253 (230-உடன் 10 சதவீதம்); அதைத் தாண்டினால் இன்வெர்ட்டர் தானாகவே நின்றுவிடும்.

லைனின் கடைசி வீடு என்கிறீர்கள். டிரான்ஸ்ஃபார்மர் வரை கம்பி நீளம், மின்தடை அதிகம். கரண்டைத் திருப்பி அனுப்பும்போது வோல்டேஜ் உங்கள் முனையில்தான் ஏறும்.

நின்றுபோன இன்வெர்ட்டர் மறுபடி சேரக் காத்திருக்கும் நிமிடத்தில் திரையில் தெரியும் வோல்டேஜைக் குறித்துக்கொள்ளுங்கள். அது 243 என்றால், 254 வரை 11 வோல்ட் ஏற்றம் ÷ 20 ஆம்பியர் (5 கிலோவாட்டில் ஓடும் கரண்ட்) = 0.55 ஓம், அதுதான் லைனின் மின்தடை. 252-க்குள் நிற்க 9 ÷ 0.55, சுமார் 16 ஆம்பியர்; அதாவது 4 கிலோவாட். வோல்ட்-வாட் அமைப்பில் (வோல்டேஜ் ஏறினால் வாட்டைக் குறைப்பது) அந்த அளவுக்குக் குறைக்கச் சொல்லுங்கள். துணி துவைப்பதையும் நண்பகலுக்கு மாற்றலாம்.

காத்திருக்கும்போதே 250 காட்டினால் கோளாறு டிரான்ஸ்ஃபார்மர் டேப்பில் (அதன் வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் இணைப்பு) இருக்கலாம், அல்லது பக்கத்து வீட்டு சோலாரும் ஏற்றிக்கொண்டிருக்கலாம். மின்சார நிறுவனத்திடம் புகார் கொடுங்கள். இன்வெர்ட்டர் முழு அளவில் ஓடும்போது அதன் திரையைவிட மெயின் பெட்டியில் 4, 5 வோல்ட் குறைவாக இருந்தால் உங்கள் சொந்த கேபிள்தான் மெலிசு.

வோல்ட்-வார் (வாட்டைக் குறைக்காமல் ரியாக்டிவ் பவரை மாற்றி வோல்டேஜை இறக்கும் அமைப்பு) இங்கே அதிகம் உதவாது: அது கம்பியின் ரியாக்டன்ஸை (ஏசி கரண்டுக்குக் காந்தப்புலத்தால் வரும் எதிர்ப்பு) நம்பியது; இந்த மாதிரி லைனில் மின்தடையே பெரிது, ரியாக்டன்ஸ் சின்னது. அதன் சரிவைச் செங்குத்தாக வைத்தால், பக்கத்து வீட்டு இன்வெர்ட்டரும் அதே வோல்டேஜைப் பார்த்து, இரண்டும் சேர்ந்து இறங்கி ஏறி ஊசலாடக்கூடும்.

253 வரம்பை மட்டும் உயர்த்தாதீர்கள். லைசென்ஸ் உள்ளவரே அமைப்பைத் தொடட்டும்.