காப்பகத்திலிருந்து எடுத்துவந்த இரண்டு வயது நாயின் பெயரை மாற்றலாமா? என்ன பெயர் வைக்கலாம்?

தாராளமாக மாற்றலாம். வளர்ந்த நாயும் புதுப் பெயரைப் பழகிக்கொள்ளும். பழைய பெயரைக் கேட்டதும் வாலை ஒடுக்கிக்கொண்டு பதுங்கினால் கட்டாயம் மாற்றுங்கள். அந்தப் பெயரைச் சொல்லி யாரோ அடித்திருக்கக்கூடும். சந்தோஷமாக ஓடிவந்தால் அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

பெயரைக் காகிதத்தில் எழுதிப் பார்த்துத் தெரிவு செய்யாதீர்கள். படலையில் நின்று உரக்கக் கூப்பிட்டுப் பாருங்கள். நாங்கள் இருப்பது மட்டக்களப்பில், கல்லடிக் கடற்கரைப் பக்கம். கச்சான் காற்று வீசும் நாளில் நீளமான பெயர் ஒழுங்கை முனைக்குப் போய்ச் சேராது. ஈரசையில், நடுவே ‘ட்’, ‘க்’ போன்ற வல்லோசையோடு, உயிரோசையில் முடியும் பெயர் நன்றாகக் கேட்கும்.

எங்கள் பெட்டை நாய்க்கு அம்மம்மா ‘வைரவி’ என்று பெயர் சொன்னார். நாய் வைரவரின் வாகனம் அல்லவா! ஆனால் செருப்பைக் கடிக்கும்போது அந்தப் பெயரைச் சொல்லி அதட்ட மனம் வராது என்று அவரே பிறகு வேண்டாம் என்றுவிட்டார். தம்பி சொன்ன ‘குட்டி’யும் சரிவரவில்லை. எங்கள் ஒழுங்கையில் அந்தப் பெயரில் எத்தனையோ பிள்ளைகள்; கூப்பிட்டால் யார் வருவார்கள் என்று சொல்ல முடியாது. கடைசியில் ‘சிட்டு’ என்று வைத்தோம். வளவுக்குள் அவள் ஓடுகிற வேகத்துக்கு அது அப்படிப் பொருந்தியது!

‘இரு’ என்று சொல்லி உட்காரப் பழக்கப் போகிறீர்களென்றால் ‘இருளன்’ போன்ற பெயர் வேண்டாம், நாய் குழம்பிவிடும். அயல்வீட்டாரின் பெயரையும் தவிருங்கள், அது அவர்களுக்கு மனவருத்தம் தரும்.

பழக்குவது எளிது. மெதுவாகப் பெயரைச் சொல்லுங்கள், திரும்பிப் பார்த்த உடனே முள் நீக்கிய அவித்த மீன் துண்டு கொடுங்கள். பக்கத்தில் ஆட்கள் பேசிக்கொண்டிருந்தாலும் நாய்கள் தம் பெயரைப் பிரித்தறிவதை அமெரிக்காவின் மேரிலாந்துப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. ஆகவே சத்தமுள்ள வீடு என்று தயங்க வேண்டியதில்லை. வீட்டில் எல்லோரும் ஒரே பெயரால் கூப்பிட வேண்டும் என்பதில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். ஏசுவதற்கும் குளிப்பாட்டப் பிடிப்பதற்கும் அந்தப் பெயரைச் சொல்லவே வேண்டாம். கண்ட கண்ட இடத்தில் அடிவாங்கி வந்த சீவன் அது. தன் பெயர் காதில் விழும்போதெல்லாம் அதற்கு நல்லதே கிடைக்கட்டும்.

அடுத்த முறை விசர்நாய்க்கடித் தடுப்பூசி போடப் போகும்போது அட்டையிலும் புதுப் பெயரை எழுதுவித்துக்கொள்ளுங்கள்.