மருமகளுக்கு லைசன்ஸ் வந்தாச்சு, இன்சூரன்ஸில் பெயர் ஏற்றியாச்சா?

இருபத்திரண்டு வருடமாகக் காரைக்குடியில் வண்டி இன்சூரன்ஸ் வேலை பார்க்கிறேன். முன்பெல்லாம் லாரி, டிராக்டர், ஆம்னி வேன் என்று உள்ளூர்க் கேள்விகள்தான் வரும். இப்போது வருவதில் பாதி, கடல் தாண்டிப் போன பிள்ளைகளின் காரைப் பற்றியது. கல்யாணமாகிப் போன பெண் அங்கே லைசன்ஸ் எடுத்துவிடுகிறாள், பாலிசியில் அவள் பெயரை ஏற்றுவதா வேண்டாமா என்று வீட்டுக்காரர் யோசிக்கிறார், அந்த யோசனை வாட்ஸ்அப்பில் தேவகோட்டைக்கும் பள்ளத்தூருக்கும் வந்து, அங்கிருந்து என்னிடம் வந்து சேர்கிறது. சேர்ந்து கிடந்ததற்கெல்லாம் இங்கே பதில் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: மகன் நியூஜெர்சியில் இருக்கிறான். மருமகள் போன மாதம்தான் லைசன்ஸ் எடுத்தாள். பெயர் சேர்த்தால் பிரீமியம் எக்கச்சக்கமாக ஏறுதாம். "பெஞ்சாதின்னா தானாவே கவர் ஆயிடும், பேசாம இரு" என்று கூட்டாளிகள் சொல்கிறார்களாம். காய்கறி வாங்க மட்டும்தான் ஓட்டப் போகிறாள். அப்படியே விட்டுவிடலாமா தம்பி? (ஓர் ஆச்சி, தேவகோட்டை)

பதில்: விடக்கூடாது ஆச்சி. இன்றைக்கே மகனிடம் சொல்லுங்கள்.

கூட்டாளிகள் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது, அதுதான் ஆளை மாட்டிவிடும். அமெரிக்காவில் பரவலாகப் புழங்கும் கார் பாலிசியில் "நீங்கள்" என்ற சொல்லுக்கே, பாலிசி எடுத்தவரும் அதே வீட்டில் குடியிருக்கும் அவருடைய கணவனோ மனைவியோ என்றுதான் விளக்கம் எழுதியிருக்கும். ஆனால் அந்தப் பாலிசியை விற்கும்போது "வீட்டில் லைசன்ஸ் உள்ளவர்கள் வேறு யார் யார்" என்றும் கேட்பார்கள், புதிதாக யாராவது லைசன்ஸ் எடுத்தால் தெரிவிக்க வேண்டும் என்றும் சொல்லியிருப்பார்கள். ஒரே ஆள் ஓட்டுகிற வண்டி என்ற கணக்கில்தான் உங்கள் மகனுக்கு அந்த விலை கிடைத்திருக்கிறது. தெரிந்தே மறைத்தது என்று ஆகிவிட்டால் பாலிசியே செல்லாது என்று சொல்ல அவர்களுக்கு இடம் உண்டு. சில கம்பெனிகள் பணத்தைக் கொடுத்துவிட்டு, விட்டுப்போன பிரீமியத்தைப் பின்தேதி போட்டு வசூலிக்கும், அடுத்த தடவை புதுப்பிக்கவும் மறுத்துவிடும். இதில் எது நடக்கும் என்பது வண்டி இடித்த பிறகுதான் தெரியும். அதோடு, ஒரே முகவரியில் யாருக்கெல்லாம் லைசன்ஸ் இருக்கிறது என்று கம்பெனிகள் பதிவுகளைப் பார்த்துக்கொண்டேதான் இருக்கின்றன, "இந்தப் பெயரில் இருப்பவர் யார்" என்று கடிதம் வந்துவிடும்.

என் மகள் வீட்டிலேயே இது நடந்தது. டெக்சாஸில் இருக்கிறாள். ஆறு மாத பாலிசிக்கு 640 டாலர் கட்டிக்கொண்டிருந்தார்கள், அவள் பெயரைச் சேர்த்தால் ஆயிரத்தைத் தாண்டும் என்று மாப்பிள்ளை தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார். ஐந்தாவது மாதம் கடை வாசலில் பின்னால் எடுக்கும்போது இன்னொரு வண்டியின் கதவில் இடித்துவிட்டாள். யாருக்கும் அடியில்லை. ஆனால் கம்பெனிக்காரர் போனில் கேட்ட முதல் கேள்வி ஓட்டியது யார், இரண்டாவது கேள்வி கார்டில் லைசன்ஸ் கொடுத்த தேதி என்ன. அந்தத் தேதியை அவள் வாசித்ததும் அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லையாம், தட்டச்சு செய்யும் ஓசை மட்டும் கேட்டதாம். இடித்ததைவிட அதுதான் பயமாக இருந்தது என்றாள். கடைசியில் பணம் கொடுத்தார்கள், ஐந்து மாத பாக்கியையும் வசூலித்தார்கள். இத்தனை வருடம் ஊருக்கெல்லாம் சொல்கிற நான் என் வீட்டில் கேட்காமல் விட்டேனே என்று இன்றைக்கும் எனக்கு மனது ஆறவில்லை.

சரி, பிரீமியத்தைக் குறைக்க வழி இருக்கிறதா? இருக்கிறது. நியூஜெர்சியில் அங்கீகாரம் பெற்ற தற்காப்பு ஓட்டுநர் வகுப்பு ஒன்றை முடித்தால் மூன்று வருடத்துக்குத் தள்ளுபடி கிடைக்கும். சொந்த வண்டிச் சேதத்துக்கு நாம் முதலில் போடும் தொகையை, அதாவது டிடக்டிபிளை, 500 டாலரிலிருந்து 1,000 ஆக்கலாம். இரண்டு கார் இருந்தால் அவள் அதிகம் ஓட்டுவது பழைய வண்டியைத்தான் என்பது உண்மையானால் அப்படியே சொல்லலாம். நாலு கம்பெனியில் விலை கேட்கலாம், புதிய ஓட்டுநருக்கு ஒருவருக்கொருவர் நிறையவே வித்தியாசம் இருக்கும். ஆனால் எதிராளிக்குக் கொடுக்கும் காப்பில் மட்டும் கை வைக்க வேண்டாம். 2026 ஜனவரி முதல் நியூஜெர்சியில் சட்டப்படி குறைந்தபட்சம் ஒருவருக்கு 35,000, ஒரு விபத்துக்கு 70,000, பொருள் சேதத்துக்கு 25,000 டாலர். அந்த ஊர் ஆஸ்பத்திரிச் செலவுக்கு அது எந்த மூலைக்கு? ஒருவருக்கு ஒரு லட்சம், விபத்துக்கு மூன்று லட்சம் என்றாவது வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இன்னொன்று ஆச்சி. அவள் பெயர் ஏறும் நாளில்தான் அவளுக்கென்று ஓர் இன்சூரன்ஸ் வரலாறு தொடங்குகிறது. மூன்று வருடம் விபத்தில்லாமல் ஓட்டினால் விலை இறங்கும். பெயரே இல்லாமல் பத்து வருடம் ஓட்டினாலும் ஏட்டில் எழுதாத வரவு மாதிரிதான், எங்கேயும் காட்ட முடியாது.

கேள்வி: என் மகள் இங்கே எட்டு வருடம் கார் ஓட்டியவள். டொராண்டோவில் அவளைப் புது ஓட்டுநர் என்கிறார்கள். நம்ம ஊர் லைசன்ஸுக்கு மதிப்பே இல்லையா? (பள்ளத்தூர்)

பதில்: மதிப்பு உண்டு, காகிதம் வேண்டும். டொராண்டோ இருக்கும் ஒண்டாரியோ மாகாணத்தில் ஜி1, ஜி2, ஜி என்று படிப்படியாக லைசன்ஸ். இந்திய அனுபவத்துக்கு இங்கிருந்து அதிகாரபூர்வச் சான்று காட்டினால் நடுவில் உள்ள காத்திருப்பு குறையும். அது லைசன்ஸ் விஷயம். இன்சூரன்ஸ் கம்பெனி இந்த அனுபவத்தைக் கணக்கில் எடுக்குமா என்பது தனி, சிலர் எடுப்பார்கள், சிலர் கண்டுகொள்ளவே மாட்டார்கள், அதனால் கேட்டுப் பார்த்துக் கம்பெனியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இங்கே நீங்கள் செய்து அனுப்பக்கூடியது இரண்டு. அரசாங்கத்தின் பரிவாகன் சாரதி இணையதளத்தில் அவளுடைய டிஎல் எக்ஸ்ட்ராக்ட், அதாவது லைசன்ஸ் விவரப் பதிவின் நகல், எடுங்கள். அதில் முதன்முதலில் லைசன்ஸ் கொடுத்த தேதி சரியாக இருக்கிறதா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பாருங்கள். பழைய லைசன்ஸாக இருந்தால் கணினியில் ஏறாமலே கிடக்கும், அப்போது ஆர்டிஓ அலுவலகத்தில் போய் ஏற்றச் சொல்ல வேண்டும். அடுத்தது, இங்கே கார் இன்சூரன்ஸ் கொடுத்த கம்பெனியின் லெட்டர்ஹெட்டில், இத்தனை வருடம் பாலிசி இருந்தது, கிளெய்ம் இல்லை என்று ஆங்கிலத்தில் ஒரு கடிதம். இங்கேதான் நம் பக்கத்துக் குடும்பங்களுக்குச் சிக்கல். வண்டி அப்பச்சி, அதாவது தகப்பனார், பெயரில் இருக்கும், பாலிசியும் அவர் பெயரில் இருக்கும், எட்டு வருடம் ஓட்டிய பெண்ணின் பெயர் எந்தக் காகிதத்திலும் இருக்காது. கடிதம் வாங்கினாலும் அது உங்கள் புகழைத்தான் பாடும். வெளிநாட்டு வரன் பார்க்கும் வீடுகளில், பெண் ஓட்டும் வண்டியை முடிந்தால் அவள் பெயரிலேயே வாங்குங்கள் என்று நான் சொல்லிக்கொண்டே இருப்பது இதற்காகத்தான்.

கேள்வி: மனைவியை "எக்ஸ்க்ளூடட் டிரைவர்" என்று எழுதிக் கொடுத்தால் பிரீமியம் ஏறாது என்கிறார்களே அண்ணே? (மேலே கேட்டவரின் மாப்பிள்ளை, அதே டொராண்டோ)

பதில்: ஏறாதுதான். ஒண்டாரியோவில் அதற்கென்றே ஓபிசிஎஃப் 28ஏ என்று ஒரு படிவம் இருக்கிறது, அமெரிக்காவிலும் பல மாநிலங்களில் உண்டு, சில மாநிலங்கள் அனுமதிப்பதில்லை. ஆனால் அதில் கையெழுத்துப் போட்டால் இவர் இந்த வண்டியைத் தொடவே மாட்டார் என்று அர்த்தம். ராத்திரி குழந்தைக்குக் காய்ச்சல், நீங்கள் வேலையில், சாவி கதவோரம் தொங்குகிறது. அவர் எடுக்க மாட்டாரா? எடுப்பார், எடுக்கத்தான் வேண்டும். அந்த ஒரு ஓட்டத்தில் ஏதாவது ஆனால் காப்பு என்று சொல்லிக்கொள்ள அநேகமாக ஒன்றுமே இருக்காது, நஷ்டம் உங்கள் தலையில். லைசன்ஸ் வைத்திருந்தும் இனி ஓட்டவே போவதில்லை என்று முடிவு செய்தவருக்கு மட்டும்தான் அந்தப் படிவம்.

கேள்வி: மகள் லண்டன் பக்கம் இருக்கிறாள். தினமும் வேலைக்கு அவள்தான் காரை எடுக்கிறாள், ஆனால் மாப்பிள்ளையை முக்கிய ஓட்டுநராகவும் அவளைக் கூடுதல் ஓட்டுநராகவும் போட்டிருக்கிறார்கள். அப்படிப் போட்டால் மலிவாம். சரிதானே? (காரைக்குடி)

பதில்: சரியில்லை. இதற்கு அங்கே ஃபிரண்டிங் என்று பெயர், மோசடிக் கணக்கில் வரும். யார் அதிகம் ஓட்டுகிறாரோ அவர்தான் முக்கிய ஓட்டுநர். இது வெளியே வந்து பாலிசி செல்லாமல் போனால் அவள் இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டியவள் ஆகிவிடலாம். அதற்கு அங்கே 300 பவுண்டு அபராதமும் லைசன்ஸில் 6 புள்ளிகளும். புதிதாகத் தேர்வு எழுதி ஜெயித்தவருக்கு முதல் இரண்டு வருடத்துக்குள் 6 புள்ளி சேர்ந்தாலே லைசன்ஸ் போய்விடும், மறுபடி பழகுநர் உரிமத்திலிருந்து தொடங்க வேண்டும். இந்திய லைசன்ஸை வைத்து ஒரு வருடம்தான் அங்கே ஓட்ட முடியும் என்பதால் அவள் எவ்வளவு சிரமப்பட்டு அந்தத் தேர்வை முடித்திருப்பாள் என்று உங்களுக்கே தெரியும். அவளை முக்கிய ஓட்டுநராகப் போட்டு, கருப்புப் பெட்டி (எப்படி ஓட்டுகிறார் என்று பதிவு செய்யும் கருவி) பொருத்தும் பாலிசி மலிவாகக் கிடைக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். நோ கிளெய்ம் போனஸும், அதாவது கிளெய்ம் கேட்காமல் இருந்ததற்கான தள்ளுபடியும், அவள் கணக்கில் சேரும்.

கேள்வி: ஈப்போவில் இருக்கும் தம்பி மனைவிக்கு இப்போதுதான் லைசன்ஸ். பெயர் சேர்க்காவிட்டால் என்ன ஆகும்? (கண்டனூர்)

பதில்: மலேசியாவில் பாலிசியில் பெயர் இல்லாதவர் ஓட்டி வண்டி சேதமானால், சொந்தச் சேத கிளெய்மில் முதல் 400 ரிங்கிட் நம் கையை விட்டுப் போகும். அவரிடம் இருப்பது புது ஓட்டுநருக்குக் கொடுக்கும் 'பி' லைசன்ஸ் என்றால் பெயர் இருந்தாலும் அந்த 400 உண்டு, இரண்டு வருடம் பொறுக்க வேண்டியதுதான். இருந்தாலும் சேர்த்துவிடுங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டில் தலைகீழ். மருமகள் மலேசியாவில் பிறந்து வளர்ந்தவள், கல்யாணமாகி இங்கே வந்து இப்போது இந்திய லைசன்ஸ் எடுத்துவிட்டாள். கார் என் பெயரில். அவள் பெயரைப் பாலிசியில் சேர்க்க ஒருவர் 2,500 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா? (கோட்டையூர்)

பதில்: கொடுக்காதீர்கள். நம் நாட்டில் கார் பாலிசி வண்டியோடு போகிறது. உங்கள் அனுமதியோடு, செல்லத்தக்க லைசன்ஸ் உள்ள யார் ஓட்டினாலும் காப்பு உண்டு. உங்கள் பாலிசிக் காகிதத்தில் "டிரைவர்ஸ் கிளாஸ்" (Driver's Clause) என்று ஒரு பத்தி இருக்கும், கண்ணாடி போட்டுக்கொண்டு வாசியுங்கள், அதில் இதைத்தான் எழுதியிருக்கும். எல்எல்ஆர் வைத்துப் பழகிய நாட்களில்கூட, எல் போர்டு மாட்டி, லைசன்ஸ் உள்ளவர் பக்கத்தில் உட்கார்ந்து, விதிப்படி ஓட்டியிருந்தால் காப்பு உண்டு. லைசன்ஸே இல்லாதவரிடம் சாவியைக் கொடுத்தால் கதை வேறு, ஓட்டியவருக்கு 5,000, கொடுத்த உங்களுக்கும் 5,000 அபராதம், கிளெய்மும் சிக்கலில் மாட்டும்.

ஆனால் ஓர் இடத்தில் ஓட்டை இருக்கிறது, அதை யாரும் சொல்வதில்லை. பாலிசியோடு வரும் 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பு வண்டியின் சொந்தக்காரருக்கு மட்டும்தான். ஓட்டும்போது உங்கள் மருமகளுக்கு ஏதாவது நேர்ந்தால் அந்த 15 லட்சத்தில் ஒரு ரூபாய் அவளுக்கு இல்லை. அவள் பெயரிலேயே தனியாக ஒரு தனிநபர் விபத்து பாலிசி எடுத்துவிடுங்கள், 2,500 ரூபாயை அதில் போடுங்கள். பிள்ளை பெற்று வளர்க்கப் போகிற பெண், தாய் தகப்பன் கடலுக்கு அப்பால் இருக்கிறார்கள், இங்கே அவளுக்கு நீங்கள்தான் எல்லாம்.

பிற்பாடு வண்டியை அவள் பெயருக்கு மாற்றுவதாக இருந்தால் 14 நாளுக்குள் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதுங்கள். உங்கள் நோ கிளெய்ம் போனஸ் அவளுக்குப் போகாது, அது உங்களோடு நிற்கும். சான்றிதழ் வாங்கி வைத்தால் மூன்று வருடத்துக்குள் நீங்கள் வாங்கும் வேறு வண்டிக்குப் பயன்படும்.

கேள்வி: கலிபோர்னியாவில் எச்4 விசாவில் (வேலை விசாக்காரரின் துணைக்குக் கொடுப்பது) இருக்கிறேன். லைசன்ஸ் எடுத்தாச்சு, பாலிசியிலும் சேர்த்தாச்சு. வேறு ஏதாவது கவனிக்கணுமா? (கானாடுகாத்தான் பெண்)

பதில்: நல்ல வேலை செய்தீர்கள் தங்கச்சி. லைசன்ஸ் முடியும் தேதியைப் பாருங்கள். உங்கள் ஐ-94 தேதியோடு, அதாவது அங்கே தங்க அனுமதித்திருக்கும் கடைசித் தேதியோடு, கட்டியிருப்பார்கள், விசா நீட்டிப்பு தாமதமானால் லைசன்ஸும் காலாவதியாகும், காலாவதியான லைசன்ஸோடு ஓட்டினால் கிளெய்மின்போது தேவையில்லாத தலைவலி. கிரெடிட் ஸ்கோர் இன்னும் உருவாகவில்லையே என்று கவலைப்பட வேண்டாம், கார் பிரீமியத்துக்கு அதைப் பார்க்க உங்கள் மாநிலத்தில் அனுமதி இல்லை. பழகுநர் பெர்மிட் வாங்கியிருக்கும் தோழிகளையும் அப்போதே கம்பெனிக்குத் தெரிவிக்கச் சொல்லுங்கள், அந்தக் கட்டத்தில் பெரும்பாலும் கூடுதல் பணம் கேட்க மாட்டார்கள்.

கேள்வி: படைப்புக்கு (எங்கள் வீட்டு முன்னோர் வழிபாடு) மகனும் மருமகளும் அமெரிக்காவிலிருந்து வருகிறார்கள். மருமகளிடம் அமெரிக்க லைசன்ஸ் மட்டும்தான் இருக்கிறது. பிள்ளையார்பட்டிக்கும் குன்றக்குடிக்கும் எங்கள் காரை அவள் ஓட்டலாமா? (புதுவயல்)

பதில்: அமெரிக்க லைசன்ஸோடு சர்வதேச ஓட்டுநர் பெர்மிட்டும் கையில் இருந்தால் ஓட்டலாம், ஒரு வருடம் வரை செல்லும். பெர்மிட் இல்லாமல் வெறும் கார்டை நம்பி ஸ்டியரிங்கைக் கொடுக்காதீர்கள். அதை லைசன்ஸ் கொடுத்த நாட்டில்தான் வாங்க முடியும், இங்கே வந்து இறங்கிய பிறகு ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுப் பயனில்லை. டிக்கெட் போடும்போதே ஞாபகப்படுத்திவிடுங்கள். வந்த முதல் நாள் மட்டும் உள்ளூரில் ஓட்டிப் பழகியவர் யாராவது ஓட்டட்டும், அங்கே வலப்பக்கம் ஓட்டிப் பழகிய கை இங்கே இடப்பக்கத்துக்குத் திரும்பக் கொஞ்சம் நேரம் எடுக்கும்.