வாசகர் கேள்வி: வின்செஸ்டர் சகோதரர்களுக்கு வீடு கிடைத்த சீசன்

கேள்வி: பேய் பிசாசுகளை வேட்டையாடும் சாம், டீன் வின்செஸ்டர் சகோதரர்களின் கதையான ‘சூப்பர்நேச்சுரல்’ தொடரை ஆசை ஆசையாகப் பார்த்து வந்தேன். ஏழாவது சீசனில், அவர்களுக்கு அப்பா மாதிரி இருந்த பாபி இறந்ததோடு விட்டுவிட்டேன். எட்டிலிருந்து மறுபடி களைகட்டிவிட்டது என்கிறாள் தோழி. நம்பலாமா?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: தாராளமாக நம்பலாம். நீங்கள் விட்ட இடத்தில் மனசு விட்டுப்போவதும் நியாயம்தான். ஏழாவது சீசன் என்ன செய்தது என்று யோசித்துப் பாருங்கள். ஆரம்பத்திலேயே பாபியின் வீட்டை எரித்தார்கள். இவர்களின் நண்பனான தேவதூதன் காஸ்டியல் தண்ணீருக்குள் இறங்கிக் காணாமல் போனான். எதிரிகள் அடையாளம் கண்டுகொள்வார்கள் என்று அவர்களுடைய அந்தக் கறுப்பு இம்பாலா காரையும் ஒளித்துவைத்துவிட்டு, சாமையும் டீனையும் கண்ட கண்ட திருட்டுக் கார்களில் அலையவிட்டார்கள். அப்புறம் பாபியும் போனார். அவர் சாகும் எபிசோடைத் தனியாக எடுத்துப் பார்த்தால் தொடரின் மிகச் சிறந்த எபிசோட்களில் ஒன்று. பாபியாக ஜிம் பீவர் அப்படி நடித்திருப்பார். ஆனால் அதற்குப் பிறகு நாம் போய் உட்கார ஒரு இடம் இல்லாமல் போய்விட்டது.

வில்லன்களும் ஒட்டவில்லை. மனிதர்களைத் தின்னும் லெவியாதன் அரக்கர்களின் முதலாளி, கோட் சூட் போட்ட டிக் ரோமன், சோளச் சிரப்பில் எதையோ கலந்து அமெரிக்காவையே மந்தையாக்கப் பார்க்கிறான். யோசனை மோசமில்லை. ஆனால் மஞ்சள் கண் பிசாசு இவர்கள் அம்மாவையே கொன்றது. லூசிஃபருக்குக் குடியேற சாமின் உடம்பே வேண்டியிருந்தது. பகை என்றால் அப்படிக் குடும்பத்துக்குள் இருக்க வேண்டும். டிக் ரோமன் பாபியைச் சுட்டான் என்பதைத் தாண்டி அவனுக்கும் இவர்களுக்கும் ஒரு தொடர்பும் இல்லை.

2012 அக்டோபரில் எட்டாவது சீசன் தொடங்கியபோது தொடரை நடத்தும் பொறுப்பு ஜெரமி கார்வர் கைக்கு வந்தது. புது ஆள் இல்லை. மூன்றாவது சீசனில் ஒரே செவ்வாய்க்கிழமை திரும்பத் திரும்ப விடிய, டீன் தினமும் ஒரு விதமாகச் சாவானே, அந்த ‘மிஸ்டரி ஸ்பாட்’ அவர் எழுதியதுதான். இந்தத் தொடரின் நாடி அவருக்குத் தெரியும்.

ஆரம்பம் கொஞ்சம் தடுமாறும், பொறுத்துக்கொள்ளுங்கள். டீன் ஒரு வருஷம் உத்தரிக்கிற ஸ்தலத்தில் அரக்கர்களோடு கிடந்து மீண்டு வருகிறான்; அங்கே அவனுக்கு பென்னி என்ற ரத்தக்காட்டேரி நண்பனாகிறான். அந்தப் பகுதி அருமை. அதே நேரத்தில் சாம் அண்ணனைத் தேடவே இல்லை, ஒரு பெண்ணோடும் நாயோடும் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தான் என்றால் எப்படி நம்புவது? எனக்கு அது இன்றுவரை ஜீரணமாகவில்லை.

பன்னிரண்டாவது எபிசோடில்தான் கதை நிமிர்கிறது. 1958-லிருந்து இவர்களுடைய தாத்தா ஹென்றி, ஒரு ஓட்டல் அறையின் அலமாரிக் கதவைத் திறந்துகொண்டு வந்து விழுகிறார். அவர் விட்டுப்போகும் சாவி, கான்சாஸ் மாநிலத்தில் லெபனான் என்ற சின்ன ஊரில் ஒரு நிலத்தடி மாளிகையைத் திறக்கிறது. இவர்கள் பிறந்த லாரன்ஸ் நகரமும் அதே கான்சாஸில்தான். அம்மா எரிந்துபோன ராத்திரியிலிருந்து மலிவு ஓட்டல் அறைகளிலேயே வளர்ந்த இரண்டு பேருக்கு, எட்டாவது சீசனில் ஒரு வீடு கிடைக்கிறது!

டீன் அந்த வீட்டில் என்ன செய்கிறான் என்று பாருங்கள். குளியலறையில் தண்ணீர் நல்ல வேகத்தோடு வருகிறது என்று பூரித்துப்போகிறான். தனக்கென்று ஒரு அறை எடுத்து, சுவரில் துப்பாக்கிகளை வரிசையாக மாட்டி, அம்மாவின் புகைப்படத்தை மேஜையில் வைக்கிறான். அடுப்படியில் நின்று தம்பிக்கு பர்கர் செய்து தருகிறான்; சாம் ஒரு வாய் கடித்துவிட்டு வியந்துபோய் நிமிர்ந்து பார்க்கிறான். பேயில்லை, சண்டையில்லை. ஆனால் அதன் பிறகு, நரகத்தின் கதவை மூடுவதற்காக சாம் கடந்தாக வேண்டிய மூன்று சோதனைகளும் நமக்குச் சுருக்கென்று உறைக்கின்றன, ஏனென்றால் சாமுக்கு இப்போது இழப்பதற்கு ஒன்று இருக்கிறது. இந்த சீசனின் கடைசி எபிசோடில் ஒரு பாழடைந்த தேவாலயம் வரும். அங்கே என்ன நடக்கிறது என்று சொல்ல மாட்டேன். சாமாக வரும் ஜாரெட் படலெக்கி அண்ணனிடம் பேசும் இடத்தை மட்டும் அரைகுறையாகப் பார்க்காதீர்கள்.

கேள்வி: தொடரை உருவாக்கிய எரிக் கிரிப்கி யோசித்துவைத்த கதை ஐந்து சீசன்தானே? அதோடு முடித்திருக்கலாமே?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: அவருடைய கதை 2010 மே மாதம் ‘ஸ்வான் சாங்’ எபிசோடோடு முழுமையாக முடிந்தது உண்மை. அங்கேயே நிறுத்திக்கொண்டவர்களை நான் இழுக்க மாட்டேன். ஆனால் தொடர் 2020 வரை, பதினைந்து சீசன், 327 எபிசோட் ஓடியது. அந்தப் பிற்பாதியை மொத்தமாகத் தள்ளுவது அநியாயம். எட்டு இருக்கிறது, ஒன்பதிலும் பத்திலும் கொஞ்சம் தொய்ந்த பிறகு பதினொன்று இருக்கிறது. கடவுளுக்கே ஒரு சகோதரி, அவளை அடைத்துவைத்த கோபம் இன்னும் ஆறவில்லை என்று பதினொன்றில் கதையை மறுபடி உடன்பிறப்புச் சண்டையாக மாற்றினார்கள். அண்ணன் தம்பி கதைக்கு அதைவிடப் பொருத்தமான எதிரி கிடையாது.

கேள்வி: தொடரைப் பார்த்தே இராத என் கணவருக்கு ஒரே ஒரு எபிசோட் காட்ட வேண்டும். எது?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: பதினொன்றாவது சீசனின் நான்காவது எபிசோட், ‘பேபி’. டீன் காருக்கு வைத்த செல்லப்பெயர் அது. ராபி தாம்ப்சன் எழுதியது. முழுக்க முழுக்க இம்பாலாவின் பார்வையிலேயே படம் பிடித்திருக்கிறார்கள். அடிதடி வெளியே நடந்தால் நமக்குக் கண்ணாடி வழியாகத் தெரிவதுதான் கணக்கு. அண்ணனும் தம்பியும் பழைய பாட்டுக்குக் கூடவே பாடுகிறார்கள், சீட்டிலேயே முடங்கித் தூங்குகிறார்கள், அப்பாவைப் பற்றிப் பேசுகிறார்கள். பீர் வைக்கிற ஐஸ் பெட்டிக்குள் வெட்டின தலை ஒன்று விழித்துக்கொண்டு கிடக்கும், அதற்கு மட்டும் கணவரைத் தயார்படுத்திவிடுங்கள்.

கேள்வி: ஏழாவது சீசனின் மிச்சத்தைத் தாண்டிவிட்டு நேராக எட்டுக்குப் போகலாமா?
– வாசகர், சேலம்

பதில்: முழுசாகத் தாண்ட வேண்டாம். 17-ல் காஸ்டியல் திரும்பி வருகிறான். 20-ல் கம்ப்யூட்டர் கில்லாடி சார்லி அறிமுகம். அவளைத் தவறவிடக் கூடாது. 21-ல் கெவின் ட்ரான் என்ற இளம் தீர்க்கதரிசி வருகிறான், எட்டாவது சீசனே அந்தப் பையனைச் சுற்றித்தான். 22, 23 இரண்டையும் சேர்த்துப் பார்த்துவிட்டு எட்டைத் தொடங்குங்கள்.