துருக்கி மலைகளில் சைக்கிளும் கூடாரமும்: கேள்வி பதில்

கருங்கடலோர ரிசேயிலிருந்து மலைக்கு அப்பாலுள்ள இஸ்பிர் போக வேண்டும். ஓவித் சுரங்கப்பாதையா, பழைய கணவாயா?

கோடையென்றால் கணவாய்தான். 2018இல் திறந்த சுரங்கம் 14 கிலோமீட்டருக்கும் நீளம். வண்டிப் புகைக்குள் அவ்வளவு தூரம் மிதிக்க யாருக்கும் நான் சொல்ல மாட்டேன். பழைய சாலை கடலோரத்திலிருந்து ஏறக்குறைய 2,640 மீட்டர் உயரத்துக்கு ஏறுகிறது. இரண்டு நாளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். வடசரிவில் தேயிலை, மூடுபனி, விடாத ஈரம். உச்சியைத் தாண்டி இறங்கினால் காய்ந்த மலை. சோருஹ் ஆற்றோரம் மட்டும் பச்சை. நனைந்த கூடாரத்தை அங்கே விரித்துக் காயவையுங்கள்.

விசா எப்படி எடுப்பது?

விதிகள் மாறுகின்றன. தூதரகத்தின் இணையதளத்தைப் பாருங்கள்.

அடுப்புக்கு எரிவாயுக் குப்பி வழியில் கிடைக்குமா?

திருகு வகைக் குப்பியைப் பெரிய நகரத்திலேயே வாங்கிவிடுங்கள். காட்டுக்குள் விறகுத் தீ மட்டும் கூடவே கூடாது. 2021 கோடையில் மனவ்காட், மர்மரிஸ் பக்கம் காடுகள் எரிந்ததை அந்த ஊர்க்காரர்கள் மறக்கவில்லை.

சாலையோரத் தண்ணீர்க் குழாய்களின் பக்கத்தில் இரவு தங்கலாமா?

கூடாது. செஷ்மே என்னும் அந்தக் கல்தொட்டிகளில் தண்ணீர் பிடியுங்கள், முகம் கழுவுங்கள், பிறகு கிளம்பிவிடுங்கள். ஆட்டு மந்தையும் காவல் நாய்களும் தண்ணீர் குடிக்க வரும் இடம் அது. நான் ஒருமுறை அங்கேயே கூடாரம் அடித்தேன். விடியற்காலையில் துணிக்கு வெளியே மூச்சிரைப்பு. ஜிப்பை இரண்டு விரல் அகலம் திறந்தால், ஒரு காவல் நாயின் கறுத்த முகமும் கழுத்தைச் சுற்றி விரல் நீள இரும்பு முட்களும். ஓநாய் குரல்வளையைக் கவ்வாதிருக்க மாட்டும் பட்டை அது. இடையர் வந்து குரல் கொடுக்கும்வரை நான் அசையவில்லை.

நாய் துரத்தினால் வேகமாக மிதித்துத் தப்பிவிடலாம் அல்லவா?

ஏற்றத்தில் பாரத்தோடு முடியாது. ஓடுவதைத்தான் அது துரத்தும். இறங்குங்கள், சைக்கிளை நடுவே நிறுத்துங்கள், மெல்லப் பேசிக்கொண்டே கிடையிலிருந்து விலகி நடங்கள். இடையர் கண்ணில் பட்டால் "கோலாய் கெல்சின்" என்று உரக்கச் சொல்லுங்கள். வேலை செய்பவர்களைப் பார்த்து, அது எளிதாக முடியட்டும் என்று வாழ்த்தும் சொல் அது. நாயை அழைத்துக்கொள்வார், பல நேரம் தேநீரும் வரும்.

மேலே சொன்னது ஏட்டுச் சுரைக்காய். பை நிறையக் கல் வைத்திருப்பேன், எறிவேன்.

ஒப்புக்கொள்ள மாட்டேன். குனிந்து கல் எடுப்பதுபோல் காட்டினாலே பல நாய்கள் நின்றுவிடும், அதோடு நிறுத்துங்கள். சிவாஸ் பக்கத்துக் கங்கால் நாய் தெருநாய் அல்ல, ஒரு குடும்பத்தின் ஆடுகளைக் காக்கும் காவல். அடிபட்ட நாயின் சொந்தக்காரரிடம்தான் அன்று மாலை தங்க இடம் கேட்டு நிற்பீர்கள்.

அப்படியானால் கடி வாங்கிக்கொள்ளச் சொல்கிறீர்களா?

அப்படி எங்கே சொன்னேன்? மந்தையைக் கண்டால் தூரத்திலேயே நில்லுங்கள் என்கிறேன். கல் வீசுபவருக்குப் பின்னால் வரும் அடுத்த பயணியை அந்த நாய் எப்படி எதிர்கொள்ளும் என்றும் யோசியுங்கள்.

கிராமத்தில் யாரிடம் அனுமதி கேட்பது?

முஹ்தார், அதாவது ஊர்த்தலைவர். "சாடிர்" என்றால் கூடாரம் என்று புரியும். செஷ்மே பக்கத்தில் இடம் காட்டினால் நன்றி சொல்லிவிட்டு வேறு இடம் கேளுங்கள்.

நாய்களுக்கு என்ன செய்வது?

நாயைப் பற்றி இது நான்காவது கேள்வி. மேலே சொன்னதைப் படியுங்கள். கடித்துவிட்டால் மட்டும்: சோப்புத் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே மருத்துவமனை. மறுநாள் பார்க்கலாம் என்று ஒத்திப்போடாதீர்கள்.