தண்ணீர் குடித்தால் மட்டும் புரை ஏறுவது ஏன்?

கேள்வி: என் மாமனாருக்கு வயது 71. தறி நெய்தவர். இரண்டரை மாதம் முன்பு ஸ்ட்ரோக் வந்து வலது பக்கம் பலம் குறைந்துவிட்டது. இப்போது பிடித்துக்கொண்டு நடக்கிறார். குழைந்த சோறு இறங்குகிறது. தண்ணீர் கொடுத்தால்தான் புரை ஏறி, கண்ணில் நீர் வரும் அளவுக்கு இருமுகிறார். பயந்துபோய்த் தண்ணீரையே குறைத்துவிட்டோம். சாப்பாடு முழுவதையும் மிக்ஸியில் அரைத்துத்தான் தருகிறேன். தட்டைத் தள்ளிவிடுகிறார், களி வேண்டும் என்று அழுகிறார். “ஒரு உருண்டை குடுத்தா என்ன ஆயிடும்?” என்கிறார் மாமியார். நடுவில் இரண்டு முறை காய்ச்சல் வந்து, ஊசி போட்டதும் சரியானது. நான் செய்வது சரிதானா?
– பெயர் வேண்டாம், குடியாத்தம்.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

காய்ச்சலைப் பற்றிப் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் முதலில் கண்ணில் பட்டது. விழுங்கச் சிரமப்படுகிறவருக்கு அடிக்கடி காய்ச்சல் வந்தால், தண்ணீரோ உணவோ எச்சிலோ கொஞ்சம் கொஞ்சமாக நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியா ஆகிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். ஊசியில் காய்ச்சல் தணியும், காரணம் அப்படியே இருக்கும். இந்த வாரமே அவரை வேலூருக்கு அழைத்துப் போங்கள். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ, சி.எம்.சி.யோ, உங்களுக்கு எது தோதோ அங்கே போங்கள். “நெஞ்சைப் பாருங்கள், விழுங்கும் திறனையும் சோதித்துச் சொல்லுங்கள்” என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்காவிட்டால் கை கால் பலத்தை மட்டும் பார்த்து அனுப்பிவிடுவதும் உண்டு.

இந்தச் சோதனையை ஸ்பீச் தெரபிஸ்ட் செய்வார். “பேச்சு சொல்லித் தருகிறவருக்குச் சோற்றில் என்ன வேலை?” என்று பலரும் கேட்பார்கள். பேசுவதும் விழுங்குவதும் ஒரே நாக்கு, ஒரே உதடு, ஒரே தொண்டை செய்கிற வேலைதான். தேவைப்பட்டால் எக்ஸ்ரேயில் தெரிகிற பேரியம் என்ற மருந்தைக் கலந்த உணவைக் கொடுத்து, அது இறங்கும் வழியை எக்ஸ்ரே வீடியோவாக எடுப்பார்கள். அல்லது மூக்கு வழியாக மெல்லிய கேமராக் குழாயை விட்டுப் பார்ப்பார்கள்.

சரி, தண்ணீருக்கு மட்டும் ஏன் இருமல்? உங்கள் தொண்டை மேட்டில் ஒரு விரலை வைத்து எச்சிலை விழுங்கிப் பாருங்கள். அந்த மேடு மேலே ஏறி, இறங்கும். அதுதான் குரல்வளை. தொண்டையில் முன்பக்கம் மூச்சுக்குழாய், பின்பக்கம் உணவுக்குழாய். நாக்கு உணவைப் பின்னால் தள்ளியதும் மூச்சு ஒரு கணம் நிற்கிறது, குரல்வளை மேலேறுகிறது, அதன் மூடி கவிழ்கிறது, உள்ளே குரல்நாண்கள் சேர்ந்து அடைத்துக்கொள்கின்றன, பின்னால் உணவுக்குழாயின் வாய் திறக்கிறது. தொண்டையில் நடக்கும் இத்தனையும் சுமார் ஒரு நொடிக்குள் முடிந்துவிடும். ஸ்ட்ரோக்கில் இந்த நேரக்கணக்கு பிசகுகிறது. குழைந்த சோறு நாக்கின் மேல் உருண்டையாக நின்று மெதுவாக நகர்வதால், கதவு கொஞ்சம் தாமதமாக அடைத்தாலும் சமாளிக்கலாம். தண்ணீர் நிற்காது. கதவு மூடுவதற்கு முன்பே ஓடிப் போய்விடுகிறது. ஸ்ட்ரோக் வந்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு ஆரம்பத்தில் இப்படிச் சிரமம் இருக்கும். பலருக்குச் சில வாரங்களில் குறையும். உங்கள் மாமனாருக்கு இரண்டரை மாதமாகியும் நீடிப்பதால்தான் சோதனை வேண்டும் என்கிறேன்.

இருமலைக் கண்டு பயந்தேன் என்கிறீர்கள். அவருக்கு இருமல் வருகிறதே என்று எனக்கு ஆறுதல்தான். வழி தவறி வந்ததை வெளியே தள்ளப் பார்க்கிற காவல் அது. புரை ஏறினால் யாரோ நினைக்கிறார்கள் என்று தலையில் தட்டித் தண்ணீரை நீட்டுவது நம் வழக்கம். அவருக்கு இரண்டும் வேண்டாம். முன்பக்கம் குனிந்து இருமி முடிக்க விடுங்கள்.

இருமலே வராமல் உள்ளே இறங்குவதுதான் இன்னும் ஆபத்து. என் அம்மாவுக்கு ஸ்ட்ரோக் வந்தபோது, படுக்கையில் சாய்த்து வைத்துப் பாலாடையில் பால் புகட்டியவள் நான். ஒரு தடவைகூட இருமவில்லை. நன்றாக இறங்குகிறது என்று நம்பி இன்னும் இரண்டு பாலாடை கொடுத்தேன். நாலாம் நாள் காய்ச்சல், மூச்சிரைப்பு. அதற்கு முந்தைய நாளே பால் குடித்ததும் அவள் குரல் கொழகொழவென்று மாறியிருந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று அப்போது எனக்குத் தெரியாது. அதனால்தான் சொல்கிறேன்: ஒவ்வொரு நாலைந்து வாய்க்கும் மாமனாரை “ஆ” என்று சொல்லச் சொல்லுங்கள். தொண்டையில் தண்ணீர் நிற்பது போன்ற ஈரக்குரல் வந்தால் நிறுத்துங்கள். காறிவிட்டு, மறுபடி ஒருமுறை விழுங்கச் சொல்லுங்கள். குரல் தெளிந்த பிறகு அடுத்த வாய். தெளியாவிட்டால் அந்த வேளைக்கு அவ்வளவுதான்.

தண்ணீரை எப்படிக் கொடுக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. நம் வீடுகளில் எச்சில் படக்கூடாது என்று சொம்பைத் தூக்கி அண்ணாந்துதான் குடிப்போம். நோயாளிக்கும் தாடையைப் பிடித்துத் தலையை நிமிர்த்தி ஊற்றுகிறோம். இதை இன்றோடு விட்டுவிடுங்கள். தலை பின்னால் சாய்ந்தால், நாக்கு பிடித்து நிறுத்துவதற்கு முன்பே தண்ணீர் தொண்டையில் விழும். நாற்காலியில் நிமிர்ந்து, பாதம் தரையில் படும்படி உட்கார வையுங்கள். நீங்களும் எதிரே, அவர் கண்மட்டத்துக்கு உட்காருங்கள். நின்றுகொண்டு ஊட்டினால் அவர் அண்ணாந்துதான் வாங்க வேண்டியிருக்கும். டம்ளரில் கடைசி வாய்க்கு மூக்கு இடித்துத் தலை தானாகப் பின்னால் போகும். ஒரு பிளாஸ்டிக் கப்பின் விளிம்பில் மூக்குக்கு இடம் விட்டுப் பிறை போல வெட்டி, ஓரத்தை மழமழப்பாக்கி, வெட்டாத பக்கத்தை உதட்டில் வைத்துக் கொடுங்கள். தாடையைச் சற்றுத் தாழ்த்தி விழுங்குவது பலருக்கு உதவும், ஆனால் எல்லாருக்கும் இல்லை. அதைத் தெரபிஸ்ட் பார்த்துச் சொல்லட்டும்.

தண்ணீரைக் குறைத்தது தப்பு. வேலூர் வெயிலில் இந்த வயதில் நீர் வற்றினால் மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று, மனக்குழப்பம் என்று ஒவ்வொன்றாக வரும். குறைப்பதற்குப் பதிலாகக் கெட்டியாக்கித் தருவதுதான் வழி. கடையில் கிடைக்கும் கெட்டிப்படுத்தும் பொடியும் உண்டு, நம் கேழ்வரகுக் கூழும் உண்டு. கூழில் சோற்றுப் பருக்கையோ வெங்காயமோ இருக்கக் கூடாது, வடிகட்டிவிடுங்கள். எந்தப் பதம் அவருக்குச் சரி என்று சோதனையில் தெரியும். வீட்டில் அந்தப் பதத்தைப் பிடிக்க 10 மி.லி. சிரிஞ்ச் போதும்: ஊசியையும் தள்ளுகோலையும் எடுத்துவிட்டு, கீழே விரலால் அடைத்து, 10 வரை கூழை ஊற்றுங்கள். விரலை எடுத்து 10 நொடி ஒழுகவிட்டு, மறுபடி அடைத்துப் பாருங்கள். தண்ணீர் என்றால் முழுக்கப் போயிருக்கும். 4 முதல் 8 மி.லி. வரை மிச்சம் நின்றால் அது ஓரளவு கெட்டி. எல்லா சிரிஞ்சும் ஒரே நீளம் இல்லை, அதனால் தெரபிஸ்ட் தருவதையே வைத்துக்கொள்ளுங்கள். கூழ் ஆற ஆற இறுகும், எனவே குடிக்கிற சூட்டில் அளந்து பாருங்கள்.

அப்புறம் களி. உங்கள் மாமியாரின் மனசு எனக்குப் புரிகிறது. ஆனால் நம் வட ஆற்காட்டுக் களியைச் சாப்பிடும் விதத்தை நினைத்துப் பாருங்கள். உருட்டி, குழம்பில் தோய்த்து, மெல்லாமல் அப்படியே விழுங்குகிறோம். ஒட்டுகிற உருண்டையை முழுசாக உள்ளே தள்ள நல்ல பலமான தொண்டை வேண்டும். இப்போதைக்கு வேண்டாம் என்று அவருக்குப் பக்குவமாகச் சொல்லுங்கள். அந்தக் கேழ்வரகைக் கூழாகக் காய்ச்சி, அவருக்குப் பிடித்த அதே கருவாட்டுக் குழம்பை முள் ஒன்றுகூட இல்லாமல் வடிகட்டி, ஒரு ஸ்பூன் மேலே விட்டுக் கொடுங்கள். அவர் கேட்பதில் பாதி அந்த வாசனையாகத்தான் இருக்கும்.

மிக்ஸி விஷயத்திலும் கொஞ்சம் தளர்த்தலாம். சோறு, குழம்பு, பொரியல் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு அரைத்தால் சிமெண்ட் கலவை நிறத்தில் வரும், யாராக இருந்தாலும் தட்டைத் தள்ளுவார்கள். தனித்தனியாக மசித்து, தட்டில் தனித்தனியாக வையுங்கள், எது என்ன என்று சொல்லிக் கொடுங்கள். சோறு இறங்குகிறது என்கிறீர்கள், எனவே அரைக்கவே வேண்டியதில்லை, மசித்தாலே போதும் என்று தெரபிஸ்ட் சொல்லக்கூடும். ரசம் சோறு மட்டும் வேண்டாம், தண்ணீரும் பருக்கையும் சேர்ந்து வருவதைச் சமாளிப்பது மிகக் கடினம். நீரில் மிதக்கும் பழைய சோறும் அப்படியே.

சாப்பிட்டதும் வலது கன்னத்துக்குள் விரலால் தடவிப் பாருங்கள், பலமில்லாத பக்கம் உணவு தங்கும், அவருக்கே தெரியாது. காலையும் இரவும் பல் துலக்கிவிடுங்கள். வாயில் கிருமி குறைந்தால், உள்ளே போகிற எச்சிலால் வரும் நிமோனியாவும் குறையும். சாப்பிட்ட பிறகு அரைமணி நேரம் படுக்க விடாதீர்கள். மாத்திரையைப் பொடிக்கும் முன் மருந்துக்கடையில் கேளுங்கள், சிலவற்றைப் பொடிக்கக் கூடாது. சாப்பிடும்போது சத்தமே வராமல், மூச்சும் விட முடியாமல் தொண்டையைப் பிடித்துக்கொண்டால், குனிய வைத்துத் தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து முறை பலமாகத் தட்டிக்கொண்டே 108-ஐ அழைக்கச் சொல்லுங்கள்.

கொஞ்ச நாளுக்கு உணவு செலுத்த மூக்கில் ட்யூப் வேண்டும் என்று டாக்டர் சொன்னாலும் பயப்படாதீர்கள். தொண்டை பழகும் வரை உடம்பு தளராமல் பார்த்துக்கொள்ள அது உதவும், பலருக்கு எடுத்துவிடுவார்கள். வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி.யின் மறுவாழ்வு மையம் 1966-இல் தொடங்கியது. அதற்கு வழிகாட்டிய டாக்டர் மேரி வர்கீஸ், விபத்தில் கால்கள் செயலிழந்து சக்கர நாற்காலியில் இருந்தபடியே வேலை செய்தவர். விழுந்தவர்களை எழுப்பிவிடும் வேலையை இந்த ஊர் அப்போதிருந்தே செய்துவருகிறது.

மாமனாரை டாக்டரிடம் காட்டிவிட்டு வந்ததும், அவர் என்ன சொன்னார், சிரிஞ்சில் எத்தனை மி.லி. நின்றது என்று எழுதுங்கள். களிக்கு எப்போது திரும்பலாம் என்பதைத் தெரபிஸ்டிடமே கேட்டு, அதையும் எழுதுங்கள்.