எலும்பைக் கழித்த எக்ஸ்ரே

கேள்வி: டாக்டர் ஐயா, அப்பாவுக்கு 63 வயது. துறைமுகத்தில் ஐஸ் உடைக்கிற வேலை, நாற்பது வருஷமாகப் பீடி. மூன்று வாரமாக இருமல் விடவில்லை. இங்கே எக்ஸ்ரே எடுத்து ஒன்றுமில்லை என்றார்கள். புதுச்சேரியில் ‘எலும்பு தெரியாத எக்ஸ்ரே’ எடுத்தபோது வலது நுரையீரலின் மேல்பகுதியில் 11 மி.மீ. கட்டி தெரிகிறதாம். இப்போது சி.டி. ஸ்கேனும் எடுக்கச் சொல்கிறார்கள். முதல் எக்ஸ்ரே தப்பா? இத்தனை கதிர் உடம்புக்கு ஆகுமா? சின்ன வயதில் அவருக்கு டி.பி. வந்து குணமானது.
– வாசகி, கடலூர் முதுநகர்

பதில்: தப்பு என்று சொல்லமாட்டேன் அம்மா. எக்ஸ்ரே என்பது நிழல்தான். முன் விலா, பின் விலா, காறை எலும்பு, இதயம் எல்லாம் ஒரே படத்தில் ஒன்றின்மேல் ஒன்றாக விழும். காறை எலும்பும் முதல் விலாவும் குறுக்கிடும் மூலையில் ஒரு சென்டிமீட்டர் கட்டி இருந்தால் பழகிய கண்ணுக்கும் தப்பிவிடும். எனக்கே தப்பியிருக்கிறது. ஒரு வாத்தியாருக்குக் கட்டி பெரிதான பிறகு, எட்டு மாதத்துக்கு முந்தைய படத்தை எடுத்து லைட் பாக்ஸில் மாட்டினேன். அப்போதே அது அங்கே இருந்திருக்கிறது. விலாவின் முனை என்று நினைத்து விட்டிருக்கிறேன். அன்றிலிருந்து அந்த மூலையை இரண்டு தடவை பார்க்காமல் எந்தப் படத்தையும் இறக்குவதில்லை.

அப்பாவுக்கு எடுத்தது இரட்டை ஆற்றல் எக்ஸ்ரேயாக இருக்கலாம். ஒரே மூச்சுப்பிடிப்பில், ஒரு நொடிக்குள், வலுவான கதிரில் ஒரு படம், வலுக் குறைந்த கதிரில் இன்னொரு படம். எலும்பின் கால்சியம் வலுக் குறைந்த கதிரைத்தான் அதிகமாக விழுங்கும். சதையில் அந்த வித்தியாசம் அவ்வளவு இருக்காது. அதை வைத்துக் கணினி எலும்பைக் கழித்துவிடுகிறது. சில இடங்களில் சாதாரண எக்ஸ்ரேயிலிருந்தே மென்பொருள் விலாவை அழித்துக் கொடுக்கும். எது என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஏனென்றால் இரட்டை ஆற்றலில் எலும்பும் கால்சியமும் மட்டும் தெரிகிற தனிப்படமும் கிடைக்கும். பழைய டி.பி. வடு சுண்ணாம்பாக இறுகியிருந்தால் அதில் பளிச்சென்று தெரியும். தெரிந்தால் பாதி பயம் போச்சு. தெரியவில்லை என்பதால் கேன்சர் என்று ஆகிவிடாது.

இருந்தாலும் நாற்பது வருஷப் பீடிக்காரருக்கு 11 மி.மீ. என்றால் சி.டி.யைத் தள்ளிப்போடாதீர்கள். எக்ஸ்ரேயில் கட்டி தெரிந்தாலும், அதன் ஓரத்தையும் உள்ளே இருப்பதையும் எந்த எக்ஸ்ரேயும் சி.டி. அளவுக்குக் காட்டாது. அமெரிக்காவில் அதிகம் புகைத்தவர்கள் 53,000 பேருக்கு மேல் வைத்துச் செய்த ஆய்வு 2011இல் வெளியானது. எக்ஸ்ரே எடுத்தவர்களைவிடக் குறைந்த கதிர் சி.டி. எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்றுநோய்ச் சாவு 20 சதவீதம் குறைவு.

கதிரைப் பற்றி: சாதாரண நெஞ்சு எக்ஸ்ரே ஒன்றில் படுவது, மண்ணும் வானமும் நம்மேல் சில நாளில் பாய்ச்சுகிற அளவுதான். இரட்டை ஆற்றலில் சற்றுக் கூடும். குறைந்த கதிர் சி.டி. என்றால் சில மாதக் கணக்கு. அவர் வயதுக்கு அது பெரிய விஷயமில்லை.

சளிப் பரிசோதனையையும் விட்டுவிடாதீர்கள். இரண்டு வாரம் தாண்டிய இருமலுக்கு அது கட்டாயம், அரசு மருத்துவமனையில் இலவசம். ஒரு தடவை வந்த டி.பி. மறுபடியும் வரலாம்.

இன்னொரு வேலை, இதுதான் முக்கியம். பழைய எக்ஸ்ரே எதுவாக இருந்தாலும் பரணில் தேடுங்கள். கிரகணம் பார்க்க யாராவது எடுத்துப்போயிருந்தாலும் கேட்டு வாங்குங்கள் (கண்ணுக்கு ஆகாது, அது வேறு விஷயம்). இரண்டு வருஷத்துக்கு முந்தைய படத்திலேயே இதே கட்டி இதே அளவில் இருந்தால் பெரும்பாலும் வடுதான். கிடைத்தால் சுருட்டாமல் இரண்டு அட்டைக்கு நடுவே வைத்து எடுத்துப்போங்கள். புதுச்சேரி பஸ்ஸில் கூட்ட நெரிசலில் மடங்கிப்போன படத்தில் எனக்கு மடிப்புதான் தெரியும்.