லிமிட் போக்கரில் எளிதில் அடிபடக்கூடிய ஜோடியை வைத்துக்கொண்டு எப்போது ரெய்ஸ் செய்வது?

ஃப்ளாப்பிலேயே, அதாவது நடுவில் முதல் மூன்று பொதுச் சீட்டு விழுந்ததுமே, ரெய்ஸ் செய்து (பந்தயத்தை ஏற்றி), எல்லோரும் கூடவே வந்து, கடைசிச் சீட்டில் தோற்று, எதிராளியை மனதுக்குள் திட்டிவிட்டுத்தான் இதைக் கேட்டிருப்பீர்கள். நானும் திட்டியவன்தான், சத்தமாகவே.

கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் ரப்பர். இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையில் பால்வெட்டு நின்றால் திண்ணையில் சீட்டுக்கட்டு இறங்கும். முன்பெல்லாம் இருபத்தெட்டு ஆட்டம்தான், பெங்களூரில் வேலை பார்க்கும் மருமகன் போக்கர் பழக்கிவிட்டான். காசு கிடையாது, உடைக்காத அண்டிதான் (முந்திரிக்கொட்டை) பந்தயம். ஆகவே சட்டம் பேச யாரும் வர வேண்டாம். லிமிட் என்றால் பெட்டின் அளவு நிர்ணயம்: முதல் இரண்டு சுற்றில் 1 அண்டி, நாலாவது பொதுச் சீட்டான டர்னிலும் ஐந்தாவதான ரிவரிலும் 2.

என் கையில் இரண்டு ஒன்பது. ரெய்ஸ் செய்தேன், ஐந்து பேரும் இரண்டிரண்டு போட்டதில் நடுவில் 10. ஃப்ளாப்பில் 8, 5, 2. என் வலப்பக்கம் இருந்து எனக்கு முன் ஆடும் அத்தான் 1 கட்டினார். ஆட்களை விரட்டுகிறேன் என்று 2 ஆக்கினேன். ஒருவரும் ஓடவில்லை, நடுவில் 20 ஆனது. டர்னில் இன்னொரு 2. அத்தான் கட்டாமல் விட, நான் 2 கட்டினேன். எங்கள் பால்வெட்டுக்காரர் 7, 4 வைத்துக்கொண்டு அதற்கும் வந்தார். ரிவரில் 6. அவருக்கு 4 முதல் 8 வரை வரிசை சேர்ந்து என் ஜோடி அடிபட்டது. அண்டியை முண்டில் வாரிக்கொண்டு சிரித்தார்.

இந்தக் கையோடு யாராவது வருவார்களா என்று கத்தினேன். மருமகன் காலண்டர் தாளின் பின்புறம் எழுதிக் காட்டினான்: டர்னில் அவர் பார்க்காத சீட்டு 46, அதில் அவருக்கு வேண்டிய ஆறாம் எண் சீட்டு நான்கு, மற்றவை 42. ஆகவே போடுவதற்குப் பத்தரை மடங்கு கிடைத்தால் அவர் துணியலாம். 2 போட்டால் 22, அதாவது பதினோரு மடங்கு. அவர் வந்தது சரி. சரியாக்கியது என் ஃப்ளாப் ரெய்ஸ். அந்த வாரம் முழுக்க அவர் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

ஃப்ளாப்பில் சும்மா 1 போட்டுப் பொறுத்திருந்தால் நடுவில் 15தான். டர்னில் அத்தான் 2 கட்ட, நான் 4 ஆக்கினால் 21. அடுத்தவர் 4 போட வேண்டும், கிடைப்பது ஐந்தேகால் மடங்கு. அப்போது வந்தால் அவர் மடையர். இன்னொரு லாபம், டர்னில் ராஜாவோ ஆஸோ விழுந்து இரண்டு பேர் முட்டிக்கொண்டால் 1 அண்டியோடு நழுவிவிடலாம்.

"பயந்தாங்கொள்ளி ஆட்டம்" என்று எழுதப் போகிறவர்களுக்கு: எதிரில் ஒருவரோ இருவரோ மட்டும் என்றால், நடுவில் குவிந்தது குறைவு என்றால், நானும் ஃப்ளாப்பிலேயே ஏற்றுவேன். கட்டுபவர் கடைசி ஆளாக இருந்தால் கணக்கே வேறு. நீங்கள் முதலில் விட்டுவிட்டு, அவர் கட்டிய பிறகு ஏற்றினால்தான் இடையில் இருப்பவர்கள் மாட்டுவார்கள்.

காத்திருக்க வேண்டுமானால் வலப்பக்கத்து ஆளின் குணம் தெரிய வேண்டும். அத்தானுக்குப் பெட் கட்டும் கை நிற்காது. வாங்கினதைத் திருப்பிக் கொடுக்கும் கைதான் வராது. நல்லமிளகு பறிக்கவென்று போன மாசியில் கொண்டுபோன என் மூங்கில் ஏணி இன்னும் அவர் வீட்டுச் சாய்ப்பில் நனைகிறது. அக்காவிடம் சொன்னால் என்னையே முறைக்கிறாள்.

அவர் டர்னில் கட்டாமல் விட்டுவிட்டால்? நானே 2 கட்டுவேன். அப்போதும் 17க்கு 2, எட்டரை மடங்குதான்.